ஒரு படுக்கையும் இரு கவுண்டர்களும்

இரயில் முன்பதிவு 1985-86இல் புதுதில்லியில் கணிப்பொறிக்கு மாறியது. அதற்கு முன்னர் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கைப்பதிவேடு உண்டு. அது எந்தக் கவுண்டரில் இருந்ததோ, அங்குதான் அவ்வண்டிக்கு இடம் கிடைக்கும். வரிசை நீண்டது உண்மை. ஆயினும் ஒரு படுக்கை இருவருக்கு விற்கப்படாமல் அப்பதிவேடே காத்தது.

இன்று சர்வர் என்று வழங்கும் மையக் கணிப்பொறியிலோ, எல்லாக் கவுண்டர்களும் ஒரே பதிவேட்டை ஒரே சமயத்தில் நாடுகின்றன. எஞ்சியிருப்பது ஒரே படுக்கை எனக் கொள்வோம். இரு எழுத்தர்களுக்கும் ‘காலி’ என்றே தெரிகிறது, இருவரும் விற்றுவிட்டால்? எனவே பார்ப்பதும் விற்பதும் பிரிக்கவொண்ணாத ஒரே செயலாதல் வேண்டும். முந்திய கோரிக்கை அப்பதிவைப் பூட்டும், பிந்தியது காத்திருக்கும்.

எதைப் பூட்டுவது, எவ்வளவு நேரம் என்பதில்தான் சிக்கல். வண்டி முழுவதையும் பூட்டுதல் எளிது. ஆனால் பழைய வரிசை திரும்பிவிடும். தொடர்பயணத்தில் இன்னொரு தொல்லை: ஒருவர் முதல் வண்டியைப் பூட்டி இரண்டாவதற்கும், மற்றவர் இரண்டாவதைப் பூட்டி முதலாவதற்கும் காத்திருந்தால், இருவரும் நகரமாட்டார்கள். அனைவரும் வண்டி எண்ணின் ஏறுவரிசையிலேயே பூட்ட வேண்டும் என விதித்தால் இம்முட்டுக்கட்டை எழாது. எளிய விதிதான்; நிரல் எழுதுவோர் மறப்பதும் இதையே.

இடையில் இணைப்பு அறுந்த கவுண்டரின் பூட்டை யார் திறப்பது? அதற்கெனக் காலவரம்பு உண்டு. வரம்பு கடந்ததும் பூட்டு நீங்கும். அரைகுறையாக எழுதப்பட்டது அழிக்கப்பட்டு, படுக்கை மீண்டும் காலியாகும்.