20 வரிக்குள் ஒரு வெப்சைட் புரோகிராம்

கலவையில் உங்களுக்கு ஒரு செருப்புக் கடை, ஆம்பூரிலிருந்து சரக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 20 பக்கங்களில் ஒரு வெப்சைட். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘கலவை, வேலூர் மாவட்டம்’ என்று முகவரி. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. கலவை ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும், ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போயின. 20 பைல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டும். எப்படியும் இரண்டு விட்டுப்போகும்.

இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடமே விடுவதற்கு ‘ஸ்டேட்டிக் சைட் ஜெனரேட்டர்’ என்னும் புரோகிராம்கள் உள்ளன. 2008-ல் வந்த ஜெக்கில், 2013-ல் வந்த ஹியூகோ ஆகியவை பிரபலமானவை. இரண்டும் ஓப்பன் சோர்ஸ், இலவசம். ஆனால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் அவற்றின் செட்டிங்குகளைப் பார்த்தாலே மிரண்டுவிடுவார். உள்ளே நடக்கும் வேலை என்னவோ சின்னதுதான். பைத்தான் மொழியில் நாமே எழுதிவிடலாம்.

முதலில் ஒரு போல்டரில் ‘எழுத்து’, ‘வெளியீடு’ என இரண்டு போல்டர்களை உருவாக்குங்கள். ‘எழுத்து’ போல்டரில் பக்கத்துக்கு ஒன்றாக நோட்பேட் பைல்கள் இருக்கட்டும். ஒரு பைல் இப்படி இருக்கும்:

ஆண்கள் செருப்பு

தோல் செருப்பு. அளவு 6 முதல் 10 வரை.

முதல் வரி தலைப்பு. மற்றவை செய்தி. வெற்று வரி விட்டால் புதிய பாரா. எச்டிஎம்எல் எதுவும் இதில் வேண்டாம்.

அடுத்து, இந்தப் போல்டர்களுக்கு வெளியே ‘அச்சு’ என்ற பெயரில் ஒரு எச்டிஎம்எல் பைல். கடைப் பெயர், நிறம், முகவரி எல்லாம் இதில்தான் வரும். தலைப்பு வரவேண்டிய இடத்தில் [[தலைப்பு]] என்றும், செய்தி வரவேண்டிய இடத்தில் [[செய்தி]] என்றும் தமிழிலேயே எழுதி வையுங்கள்.

இனி புரோகிராம். அது அச்சு பைலைப் படிக்க வேண்டும். பிறகு ‘எழுத்து’ போல்டரில் உள்ள பைல்களை ஒவ்வொன்றாக எடுத்து, முதல் வரியைப் பிரித்து, மீதியை வெற்று வரி உள்ள இடங்களில் வெட்டி, ஒவ்வொரு துண்டையும் பாரா டேகுக்குள் போட வேண்டும். அச்சில் உள்ள இரண்டு அடையாளங்களையும் நீக்கிவிட்டு இவற்றை அங்கே வைத்து, ‘வெளியீடு’ போல்டரில் சேமிக்க வேண்டும். அவ்வளவுதான்! ஒரு லூப், இரண்டு ரீப்ளேஸ். 20 வரியைத் தாண்டாது.

தமிழில் எழுதுபவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. பெரும்பாலான விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் பைத்தான் (3.14 வரை) பைலைத் திறக்கும்போது அதை யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்ளாது, பழைய ஐரோப்பிய என்கோடிங் என்று நினைத்துவிடும். தமிழில் புள்ளி வைத்த எழுத்து வந்ததுமே பிழை காட்டி நின்றுவிடும். பைலைப் படிக்கும் இடம், எழுதும் இடம் இரண்டிலும் என்கோடிங் யூடிஎஃப்-8 என்று குறிப்பிட மறக்காதீர்கள். அச்சு பைலின் ஹெட் பகுதியிலும் அதையே சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிரவுசரில் எழுத்துகள் சிதைந்து தெரியலாம். பைல் பெயர்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழ்ப் பெயரை முகவரியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகளாக நீண்டுகொண்டே போகும்.

இப்போது மாவட்டத்தின் பெயரை அச்சில் ஒரு முறை மாற்றி, புரோகிராமை இயக்குங்கள். 20 பக்கங்களும் நொடியில் புதிதாகத் தயார்.

‘வெளியீடு’ போல்டரில் இருப்பவை வெறும் பைல்கள். டேட்டாபேஸ் கிடையாது. கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடங்களில் அப்படியே ஏற்றலாம். அந்த இடம் மூடப்பட்டால்? யாகூ 2009 அக்டோபரில் ஜியோசிட்டீஸ் சேவையை (ஜப்பான் நீங்கலாக) மூடியபோது, சொந்தப் பிரதி வைத்திராத பலரின் பக்கங்கள் போயே போயின. உங்களிடம் ‘எழுத்து’ போல்டரும் ‘அச்சு’ பைலும் இருக்கும்வரை வேறு இடத்தில் அன்றைக்கே ஏற்றிவிடலாம். பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் நூல்களை எளிய பக்கங்களாகத்தான் வெளியிட்டு வருகிறது. டிஸ்கி எழுத்து முறையில் இருந்தவை பின்னர் யூனிகோடுக்கு மாறின. எழுத்து தனியாகக் கைவசம் இருந்தால் இப்படிப்பட்ட மாற்றங்கள் சாத்தியம்.

உங்கள் புரோகிராமை மற்றவர்களுக்கும் கொடுக்க விரும்பினால், எம்ஐடி லைசென்ஸ் பைல் ஒன்றைச் சேர்த்து வெளியிடுங்கள். உங்கள் பெயருள்ள அந்த லைசென்ஸை நீக்காமல் யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம்.

இந்த முறையில் வெப்சைட்டே ஆர்டர் எடுத்துக்கொள்ளாது. அதற்குக் கடை போன் நம்பரை அச்சில் பெரிதாகப் போட்டுவிடுங்கள்.