பழைய பில்டரை உடனே தூக்கிப் போடாதே

விழுப்புரம்

அன்பு மகனுக்கு,

பெரியப்பா எழுதுவது. வீட்டு விஷயங்களை உன் பெரியம்மா போனில் பேசிக்கொள்வாள். இந்தக் கடிதம் உன் மாருதி 800-க்காக மட்டும்.

பெட்ரோல் பில்டரை வீட்டிலேயே மாற்றப்போகிறேன், எப்படி என்று சொல்லுங்கள் என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதிதான் காதில் விழும். வண்டிக்கு அடியில் படுத்ததும் அந்தப் பாதியும் மறந்துபோகும். அதனால்தான் எழுத்தில் அனுப்புகிறேன். வேலையைத் தொடங்கும் முன் ஒரு முறை முழுதாகப் படித்துவிடு.

பில்டர்தான் காரணம் என்று எதை வைத்து முடிவு செய்தாய்? நீ சொன்னதையே திரும்பச் சொல்கிறேன். திண்டிவனத்தில் எடுக்கும்போது ஸ்டார்ட்டிங் நன்றாக இருக்கிறது. ஊருக்குள் ஒரு தொந்தரவும் இல்லை. கூட்டேரிப்பட்டு தாண்டி ஒரு லாரியை முந்தலாம் என்று மிதித்தால் மட்டும் வண்டி திக்குகிறது. காலை எடுத்தால் தெளிகிறது. இது பெட்ரோல் போதாமல் தவிக்கும் வண்டியின் குணம். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினுக்குக் கொஞ்சம் பெட்ரோலே போதும்; வேகமெடுக்கும்போது அதுவே பல மடங்கு கேட்கும். அடைத்துப்போன பில்டர் அந்த அளவுக்கு விடாது. பின்சீட்டுப் பக்கம் பம்ப் வழக்கத்தைவிட அதிகமாக இரைகிறதா என்றும் காது கொடுத்துக் கேள். இரைந்தால் உன் சந்தேகத்துக்கு இன்னொரு சாட்சி கிடைத்தது. நின்றபடியே வண்டி உதறினால் விஷயம் வேறு. பிளக், காயில் பக்கம் போக வேண்டும். எதற்கும் முதலில் ஏர் பில்டரைக் கழற்றிப் பார். நாலு கிளிப் வேலை, ஆபத்தும் இல்லை. நம் பக்கத்துச் சாலைத் தூசிக்கு அது அடைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அடுத்தது, உன்னிடம் இருப்பது எந்த 800 என்று தெரிந்துகொள். 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளியே வந்ததிலிருந்து 2014 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தும் வரை பெயர் ஒன்றுதான். உள்ளே இரண்டு வகை. பழைய கார்புரேட்டர் வண்டியில் பில்டர் பானட்டுக்குள்ளேயே இருக்கும். கையடக்கமான சின்னச் சாமான், இரண்டு ஹோஸ், இரண்டு கிளிப். அதில் பெட்ரோலின் அழுத்தம் மிகக் குறைவு. 2000-ஐ ஒட்டி வந்த எம்பிஎஃப்ஐ, அதாவது இன்ஜெக்ஷன் வண்டியில் பம்ப் டேங்குக்குள் இருக்கும். பில்டர் இரும்பு டப்பா மாதிரி வண்டிக்கு அடியில், டேங்குக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த லைனில் இரண்டரை மூன்று கிலோ அழுத்தம் நிற்கும். உன் கார் டயரில் இருக்கும் காற்றைவிட அது அதிகம். இன்ஜினை அணைத்த பிறகும் அந்த அழுத்தம் சட்டென்று இறங்காது. தெரியாமல் ஹோஸைப் பிடுங்கினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். உன்னுடையது இந்த இரண்டாவது வகை என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

வேலைக்கு முன்பு இடம். போர்ட்டிகோவின் உள்மூலையில் செய்யாதே. வாசலில், திறந்த வெளியில், சமமான சிமென்ட் தரையில் நிறுத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். எட்டத்தில் இருக்கும் அடுப்போ, பூஜை அறை விளக்கோ, தண்ணீர் மோட்டார் சுவிட்சின் ஒரு பொறியோ அதற்குப் போதும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூடத் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும் சரக்கு அது. நம் ஊர் வெயிலில் எப்படி இருக்கும் என்று நீயே யோசி. அதனால் காலை ஆறு மணிக்கு, இரவெல்லாம் நின்று குளிர்ந்த வண்டியில் செய். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் போதும். குண்டு பல்பை வயரில் கட்டித் தொங்கவிடாதே. பக்கத்தில் பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்றும் ஒரு பக்கெட் மணலும் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீரோடு சேர்ந்து மிதந்து பரவும். இவ்வளவும் கையில் இல்லை என்றால் அன்றைக்கு வேலை வேண்டாம். தனியாகவும் செய்யாதே, கூப்பிட்டால் வரும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

டேங்கில் பெட்ரோல் கால்பங்குக்கும் கீழே இருக்கிற நாளாகப் பார். பில்டர் டேங்குக்குப் பக்கத்திலேயே இருப்பதால், நிறைய இருந்தால் ஹோஸைக் கழற்றியதும் ஓடி வந்துகொண்டே இருக்கும்.

இனி அழுத்தத்தை இறக்கும் முறை. வண்டி நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடு. பெட்ரோல் மூடியைத் திறந்து ஆவியை விட்டுவிட்டு மறுபடி மூடு. பம்புக்குப் போகும் ரிலேவை உருவிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய். லைனில் மிச்சமிருப்பதைக் குடித்துவிட்டுத் தானாக நின்றுவிடும். பிறகு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று விநாடி, சும்மா செல்ஃப் அடி. இப்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்று. எது ரிலே என்று தெரியவில்லை என்றால் குத்துமதிப்பாக எதையும் பிடுங்காதே. வண்டியோடு வந்த புத்தகத்தைப் பார், இல்லாவிட்டால் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் காட்டச் சொல். கேட்பதில் கௌரவம் ஒன்றும் குறையாது.

ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதே. ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்ட். இரண்டு ஸ்டாண்ட் வாடகைக்கோ இரவலுக்கோ கிடைத்த பிறகுதான் கீழே படுக்க வேண்டும்.

கழற்றும் வேலை உண்மையில் கொஞ்சம்தான். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு கிளவுஸ். அடியில் ஒரு தட்டு. ஹோஸ் முனையைச் சுற்றித் துணியைப் போர்த்திக்கொண்டு மெதுவாக நெகிழ்த்து. மிச்ச பெட்ரோல் அந்தத் துணியில் இறங்கட்டும். சில வண்டியில் கிளாம்ப், சில வண்டியில் போல்ட்டும் செம்பு வாசரும் இருக்கும். போல்ட்டாக இருந்தால் ஒரு ஸ்பானரால் பில்டரை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருப்பு; இல்லாவிட்டால் பைப் முறுக்கிக்கொள்ளும். பழைய செம்பு வாசரை மறுபடி போடாதே. புது பில்டரின் உடம்பில் அம்புக்குறி இருக்கும். அது டேங்கிலிருந்து இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். மாட்டும் முன் ஹோஸை விரலால் வளைத்துப் பார். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் அதையும் மாற்று. கேட்டு வாங்கும்போது இன்ஜெக்ஷன் வண்டிக்கான ஹோஸ் என்று சொல்லி வாங்கு. கார்புரேட்டர் வண்டிக்குப் போடும் துண்டை இங்கே மாட்டினால் இந்த அழுத்தத்துக்குத் தாங்காது.

மாட்டி முடித்ததும் உடனே ஸ்டார்ட் செய்துவிடாதே. ரிலேவையும் பேட்டரி வயரையும் போட்டு, சாவியை இரண்டு விநாடி ஆன் செய்து ஆஃப் செய். இப்படி மூன்று நாலு தடவை. லைனில் அழுத்தம் ஏறும். இப்போது டார்ச்சோடு குனிந்து ஒவ்வொரு இணைப்பையும் பார், காய்ந்த துணியால் துடைத்துப் பார். ஒரு சொட்டு ஈரம் தெரிந்தாலும் இறுக்கிவிட்டு மறுபடி சோதி. ஈரம் இல்லை என்று உறுதியான பிறகுதான் இன்ஜின். ஓட்டிவிட்டு வந்த பின்னும் ஒரு முறை பார்.

இவ்வளவும் ஒரு மெக்கானிக் உனக்குச் சொல்லிவிடுவார். நான் கடிதம் எழுத உட்கார்ந்தது இதற்குப் பிறகு வருவதற்காக. எல்லாரும் புதுசை மாட்டி, பழையதைக் குப்பையில் போட்டு, வேலை முடிந்தது என்று கை கழுவிவிடுகிறார்கள். பில்டர் தானாக அடைப்பதில்லை. எதையோ தடுத்துத்தான் அடைத்திருக்கிறது. அந்த எதையோ என்னவென்று பார்க்காமல் விட்டால், புது பில்டருக்கும் அதே கதிதான்.

கழற்றிய பில்டரை வெளியில் வைத்தே, பழைய வெள்ளைப் பீங்கான் கிண்ணம் ஒன்றில் கவிழ். எந்த வாயிலிருந்து ஊற்றுகிறாய் என்பதுதான் முக்கியம். டேங்கிலிருந்து பெட்ரோல் உள்ளே வரும் வாயிலிருந்து ஊற்ற வேண்டும்; அழுக்கெல்லாம் உள்ளே இருக்கும் வடிகட்டும் காகிதத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். இன்ஜின் பக்கத்து வாயிலிருந்து ஊற்றினால் சுத்தமான பெட்ரோல் வந்து உன்னை ஏமாற்றும். பில்டரை மெதுவாகத் தட்டு. உள்ளே என்ன இருக்கிறது பார்க்கிறேன் என்று ஆக்சா பிளேடு எடுத்து அறுக்காதே. உள்ளே ஆவி இருக்கிறது, ஒரு பொறி போதும்.

கிண்ணத்தைக் கொஞ்ச நேரம் அசைக்காமல் வைத்துவிட்டுப் பார். செம்பழுப்பாக மாவு போல அடியில் படிந்தால் அது துரு. டேங்கின் உட்பக்கம் அரித்துக்கொண்டிருக்கிறது. கறுப்பாக, நசுக்கினால் விரலில் மை போல ஒட்டினால் ரப்பர். ஏதோ ஒரு ஹோஸ் உள்ளுக்குள் கரைகிறது. பசை மாதிரி ஒட்டி, பழைய வார்னிஷ் வாடை அடித்தால் வண்டி பல மாதம் ஓடாமல் நின்றிருக்கிறது. பெட்ரோலுக்கு அடியில் தெளிவாகத் தனியே உருண்டு நிற்கும் முத்துக்கள் தெரிந்தால் அது தண்ணீர்.

நான் முதலில் தேடச் சொல்வது அந்த முத்துக்களைத்தான். நீ இந்த வண்டியைப் பழசாக வாங்கினாய். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது நம் மாவட்டம் பட்ட பாடு உனக்குத் தெரியும். மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் கொட்டியது. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பெருகி, அரசூரில் சென்னை–திருச்சி சாலையே தண்ணீருக்குள் போனது. அப்போது தெருவிலும் வாசலிலும் நின்ற வண்டிகள் எத்தனையோ. அவற்றில் பலவற்றைக் கழுவி, சீட்டைக் காயவைத்து, விற்றிருப்பார்கள். சீட்டைக் காயவைக்கலாம், டேங்குக்குள் இறங்கிய தண்ணீர் பெட்ரோலுக்கு அடியில் உட்கார்ந்து இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். உன் கிண்ணத்தில் துருவும் தண்ணீரும் சேர்ந்து வந்தால் விற்றவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: அந்த வாரம் வண்டி எங்கே நின்றது?

இன்னொன்று, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். முண்டியம்பாக்கத்தில் ஆலை வாசலில் கரும்பு லாரிகள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே போகிறாய் அல்லவா, அந்தக் கரும்பின் கழிவுப்பாகிலிருந்தும் எத்தனால் எடுக்கிறார்கள். அது தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் சரக்கு. கொஞ்சம் ஈரம் என்றால் கலந்து எரிந்துபோகும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். உன் வண்டி பிறந்த காலத்து ரப்பர் இந்தக் கலவைக்காகச் செய்ததும் இல்லை. அதனால்தான் ஹோஸை வளைத்துப் பார் என்றேன். வண்டியை வாரக்கணக்கில் அடிமட்ட பெட்ரோலோடு நிறுத்தாதே. மூடியின் ரப்பர் வளையம் முழுதாக இருக்கிறதா என்று பார். பெட்ரோல் மேல் சந்தேகம் வந்தால் பங்க்கில் பில்டர் பேப்பர் கேட்டு ஒரு சொட்டு விட்டுப் பார்க்க உனக்கு உரிமை உண்டு. சண்டை போடாமல் கேள், கொடுப்பார்கள்.

கிண்ணத்தில் கொஞ்சம் தூசி மட்டும் என்றால் நிம்மதி. அது பில்டர் தன் ஆயுளை முடித்துக்கொண்ட கணக்கு. கிலோமீட்டரை ஒரு தாளில் எழுதி பானட்டுக்குள் ஒட்டிவிடு. கறுப்பு என்றால் ஹோஸ்களை வரிசையாக மாற்று. துருவோ தண்ணீரோ என்றால் அதோடு உன் வேலை நின்றுவிட வேண்டும். டேங்கை இறக்குவதும் கழுவுவதும் வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல; காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, உள்ளே முழுக்க ஆவி. கிண்ணத்தில் கண்டதை மெக்கானிக்கிடம் சொல். எதற்காக டேங்கை இறக்கச் சொல்கிறாய் என்று உனக்கே தெரியும்போது வேலையும் சரியாக நடக்கும், பேசும் கூலியும் நியாயமாக இருக்கும்.

கிண்ணத்துப் பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்றாதே. மூடியுள்ள தகர டப்பாவில் விட்டுப் பட்டறையில் கொடுத்துவிடு. நனைந்த துணியை வெளியிலேயே விரித்து முழுதாகக் காயவிடு.

இதைக் கற்றுக்கொண்ட தைரியத்தில் உன் சிநேகிதர்களின் புது வண்டிகளில் கை வைக்காதே. பல புது பெட்ரோல் கார்களில் பில்டர் பம்போடு சேர்ந்து டேங்குக்குள்ளேயே இருக்கிறது. டீசல் வண்டியில் மாற்றினால் காற்றை வெளியேற்ற வேண்டும். இப்போதைய டீசலில் இன்ஜெக்டர் பக்கத்து லைன் ஆயிரம் கிலோவுக்கு மேல் அழுத்தத்தில் நிற்கும், தோலைத் துளைத்து உள்ளே போகும். அவற்றை அந்த வேலை தெரிந்தவர்களிடம் விடு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்வதாக இருந்தால் சனிக்கிழமையே சொல். முதல் பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். ஸ்பானரை நீதான் பிடிக்க வேண்டும். நான் மணல் பக்கெட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா