பூட்டிய படிவத்தில் இயங்காத பொத்தான்

கேள்வி: வேர்டில் தயாரித்த விண்ணப்பப் படிவத்தைப் பூட்டியதும் அதிலுள்ள மக்ரோ பொத்தான் வேலை செய்வதில்லை. ஏன்?
– வாசகர், மானிப்பாய்

பதில்: படிவம் நிரப்புவதற்கு மட்டும் எனப் பூட்டிய ஆவணத்தில், நிரப்பும் கட்டங்களுக்கு வெளியே கர்சர் செல்லாது. மக்ரோபட்டன் பார்வைக்குப் பொத்தான் என்றாலும் உண்மையில் அது ஒரு ஃபீல்ட். எனவே பூட்டிய பகுதியில் எத்தனை தடவை கிளிக் செய்தாலும் இயங்காது.

பொத்தானுக்கு முன்னும் பின்னும் ‘கன்டினியுவஸ்’ செக்‌ஷன் பிரேக் இட்டு, ‘ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்’ பலகத்தில் அந்தப் பிரிவின் சரிக்குறியை மட்டும் எடுத்துவிடுவதே நல்ல வழி. அக்டிவ்எக்ஸ் பொத்தான் பூட்டிய படிவத்திலும் இயங்கும். ஆனால் ஒபிஸ் 2024 அதை இயல்பாகவே முடக்கி வைக்கிறது.

பெரிய ஆபத்து வேறிடத்தில் உள்ளது. படிவத்தின் பூட்டிய பகுதியில் எழுதும் மக்ரோ பூட்டைத் திறந்து, வேலை முடிந்ததும் மீண்டும் பூட்டவேண்டும். அப்போது பூட்டும் கட்டளையில் ‘நோரீசெட்’ என்பதற்கு ‘ட்ரூ’ கொடுக்காவிட்டால் நிரப்பிய விபரங்கள் அனைத்தும் அழிந்துவிடும். விண்ணப்பம் முழுவதையும் தட்டச்சு செய்து முடித்தவருக்கு இது கொடுமையான இழப்பு.

மக்ரோபட்டனின் எழுத்து ஒரே வரியில் அடங்கவேண்டும். நீண்ட தமிழ்த் தொடர்கள் இங்கேதான் பிழை காட்டும். அதை இயக்க இயல்பில் இரட்டைக் கிளிக் தேவை. சாதாரண ‘டொக்எக்ஸ்’ கோப்பில் மக்ரோ தங்காது. ‘டொக்எம்’ ஆகவே சேமியுங்கள்.