வளைகுடா போனதும் தொப்பையா?

கரிசல் காட்டு வெயிலில் ஓடியாடிய உடம்பு, துபாயிலோ தோகாவிலோ ஏசி அறையில் உட்கார்ந்ததும் பெருத்துவிடுகிறது. கோவில்பட்டிப் பக்கமிருந்து போகிறவர்களுக்கும் வழியனுப்பும் வீட்டாருக்கும் சில குறிப்புகள்:

1. எடையோடு இடுப்பையும் அளந்து பாருங்கள். மாதம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், மூச்சை வெளியே விட்டு, டேப்பை இறுக்காமல் சுற்றுங்கள். ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக் கொழுப்பு சர்க்கரை நோய்க்கு வழிவிடும்.

2. பார்சலில் கடலைமிட்டாயைக் குறையுங்கள். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ப் பெருமைதான். ஆனால் 100 கிராமில் சுமார் 500 கலோரி. நாளுக்கு ஒரு துண்டு போதும். கம்பு மாவும் வறுத்த பாசிப்பயறும் அனுப்புங்கள், சீக்கிரம் பசிக்காது.

3. சாப்பாட்டோடு குளிர்பானம் வேண்டாம். ஒரு கேனில் ஏழெட்டு ஸ்பூன் சர்க்கரை. அங்கே கிடைக்கும் இனிப்பில்லாத லபன் நம் மோர் மாதிரிதான்.

4. வாரம் 150 நிமிடம் வேகமாக நடங்கள். கோடையில் விடியும் முன்பே முடித்துவிடுங்கள். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கவே தடை உண்டு.

5. விடுமுறைக்கு வந்ததும் அரசு மருத்துவமனையில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள். கட்டணம் கிடையாது.