செவித்துவாரச் சரும அழற்சியும் துளிமருந்தும்

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூர் முதலிய கிராமங்களில், காதில் நமைச்சல் கண்டவுடன் கோழியிறகையோ தீக்குச்சியையோ நாடுவார் பலர். நல்லெண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவாரும் உளர். இவை நோயைத் தீர்ப்பனவா, வளர்ப்பனவா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வளர்ந்தோரின் செவிக்குழல் ஏறக்குறைய 2.5 செ. மீ. நீளமுடையது. அதன் உட்பகுதியில் மிக மெல்லிய தோல் எலும்பின்மேல் படிந்திருக்கிறது. வெளிப்பகுதியில் சுரக்கும் குறும்பி வெறும் அழுக்கன்று. புளிப்பும் நெய்ப்பும் உடைய அது, நீரையும் கிருமிகளையும் தடுக்கும் காவலாம். அதைத் தோண்டி எடுப்பவர், தம் வீட்டுக் கதவைத் தாமே பெயர்ப்பவரை ஒப்பர். கீறிய தோலில் நீர் தேங்கவே அழற்சி உண்டாகிறது.

இவ்வழற்சி பெரும்பாலும் மூவகைப்படும்.

முதலாவது, கரப்பான். நமைச்சலும் செதிலும் இதன் குறிகள். இதற்கு ஸ்டீராய்டுத் துளிகள் ஏற்றவை. 1952-ஆம் ஆண்டில் சுல்ஸ்பர்கர், விட்டன் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர், ஹைட்ரோகார்டிசோனைத் தோலின்மேல் பூசிப் பயன் கண்டமை இம்முறைக்கு வழிகோலியது.

இரண்டாவது, பாக்டீரியாவால் வருவது. காதுமடலை அசைத்தால் வலி மிகும். கிருமிக்கொல்லித் துளியோ, 2 சதவீத அசெட்டிக் அமிலத் துளியோ இதற்குரியது.

மூன்றாவது, காளானால் வருவது. குளோட்ரிமசோல் முதலியன இதற்கு மருந்து. இதற்கு ஸ்டீராய்டை மட்டும் இட்டால் காளான் செழிக்கும். ஆதலால் ஒருவர்க்குக் குணமளித்த குப்பியை மற்றொருவர் இரவல் வாங்குதல் தகாது.

மேலும், செவிப்பறையில் துளையுண்டா என்பதை வைத்தியர் முதலில் காணவேண்டும். துளையிருப்பின் ஜென்டமைசின், நியோமைசின் போன்றவை உட்செவியை அடைந்து செவிட்டுத்தன்மையை விளைக்கக்கூடும். குழலிலுள்ள கசடு நீக்கப்படாவிடின் மருந்து தோலைத் தீண்டாது. வீக்கத்தால் குழல் அடைபட்டிருப்பின், சிறு திரியை வைத்து அதன் வழியே மருந்தைச் செலுத்துவர்.

துளியிடும் முறையாவது: குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சற்றே வெதுவெதுப்பாக்குக. நோயுள்ள காது மேலிருக்க ஒருக்களித்துப் படுத்து, மடலை மேலும் பின்னுமாக மெல்ல இழுத்து, சொன்ன அளவே இடுக. ஐந்து நிமிஷம் அப்படியே இருத்தல் வேண்டும். நீராடுங்கால் வாசலின் தடவிய பஞ்சால் காதை மூடுக. குணமாகும்வரை ஏரியிலும் கிணற்றிலும் மூழ்குதல் ஆகாது.

நீரிழிவுடையோர்க்கு இரவில் கடுங்காதுவலி தோன்றினால் ஒருநாளும் தாமதித்தல் கூடாது. அழற்சி எலும்பிற் பரவி உயிர்க்கே இடராகலாம். திண்டிவனத்து அரசினர் மருத்துவமனையும், முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அண்மையில் இருக்க, வீட்டில் எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருத்தல் அறிவுடைமையாகாது. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் இதனைத் தம் இல்லத்தார்க்கு எடுத்துரைப்பாராயின், அதுவே இக்கட்டுரையின் பயனாகும்.