பெட்டி எங்கே? சாவி யாரிடம்?

(விரிவானம் – அறிவியல் தமிழ்)

நுழையும் முன்

பணியின் பொருட்டு ஊர்விட்டு ஊர் செல்லும் குடும்பங்கள் தம் சான்றிதழ்களையும் நினைவுகளையும் இன்று மேகக்கணிமையில் சேமிக்கின்றன. பிறர் இடத்தில் வைத்த பொருள் நம்முடையதாகவே இருப்பது எவ்வாறு? அதனை இப்பாடம் ஒரு குடும்பக் கதையின் வழியே விளக்குகிறது.

ஆச்சியின் தகரப் பெட்டி

திருநெல்வேலிச் சீமையின் சிற்றூர் ஒன்றிலிருந்து ஆச்சி நாகபுரிக்கு வந்திருந்தார். அவருடைய இளைய மகன் அங்கே தொடர்வண்டித் துறையில் பணிபுரிந்தார். அவருக்குக் குவாகாத்திக்கு இடமாற்ற ஆணை வந்திருந்தது. வீடெங்கும் கட்டப்பட்ட மூட்டைகள். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் பேத்தி, பிறப்புச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஊரிலுள்ள நிலத்தின் பட்டா ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தாள்.

“இவற்றையெல்லாம் எங்கே வைக்கப் போகிறாய், கண்ணு?” என்று கேட்டார் ஆச்சி.

“மேகத்தில், ஆச்சி. எந்த ஊருக்குப் போனாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.”

“அந்த இடம் யாருடையது?”

“ஒரு நிறுவனத்துடையது.”

ஆச்சி தம் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சிறிய சாவியைக் காட்டினார். “என் தகரப் பெட்டி பத்து ஆண்டுகளாகச் சென்னையில் உன் பெரியப்பா வீட்டில் இருக்கிறது. சாவி மட்டும் என்னிடம்தான். பெட்டி யார் வீட்டில் இருந்தால் என்ன? உன் மேகத்துப் பெட்டிக்குச் சாவி யாரிடம் இருக்கிறது?”

பேத்தியிடம் விடை இல்லை. மறுநாள் அவ்வினாவைத் தன் கணினி ஆசிரியரிடம் கொண்டு சென்றாள்.

மேகம் வானில் இல்லை

மேகக்கணிமை என்பது வானில் மிதப்பதன்று. பெருங்கட்டடங்களில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட கணினிகளே அதன் உடல். அவற்றைத் தரவு மையங்கள் என்பர். நாம் அனுப்பும் படம் இணையத்தின் வழியே சென்று, அங்குள்ள வட்டுகளில் பதிகிறது. ஒரு வட்டு பழுதானாலும் தரவு அழியாதிருக்கப் படிகள் பல எடுத்து வைக்கப்படுகின்றன. எனவே நெருப்புக்கும் மழைக்கும் அஞ்ச வேண்டியதில்லை. அது மேகத்தின் நன்மை. ஆனால் அக்கணினி பிறருடையது. அதனுள் அத்துமீறி நுழைபவர் நம் தரவைப் படிக்கக்கூடும். பொறுப்பற்ற பணியாளரும் படிக்கக்கூடும். ஆதலால், கையில் கிடைத்தாலும் பொருள் விளங்காதவாறு தரவை மாற்றி வைக்க வேண்டும். அம்மாற்றமே மறைகுறியாக்கம், மீண்டும் பழைய வடிவுக்குக் கொணர்வது மறைவிலக்கம்.

குழூஉக்குறியும் மறைகுறியும்

மறைத்துப் பேசுதல் தமிழருக்குப் புதிதன்று. ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயரிட்டு வழங்குவதைக் குழூஉக்குறி என இலக்கணம் கூறும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது அதற்கு எடுத்துக்காட்டு. மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்குள் விரல்களைப் பற்றி விலை பேசுவதும் இவ்வகையினதே.

குழூஉக்குறியில் ஒரு குறை உண்டு. ‘பறி’ என்றால் பொன் என்பது ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால் மறைவு முழுவதும் போய்விடும். எனவே, மறைக்கும் முறை எல்லாருக்கும் தெரிந்திருந்தாலும் திறவுகோல் மட்டும் மறைவாக இருந்தால் போதும் என்னும்படி முறையை அமைக்க வேண்டும் என்று 1883ஆம் ஆண்டில் ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் என்னும் மொழியறிஞர் எழுதினார். பூட்டுச் செய்யும் கலை ஊரறிந்தது. ஆயினும் ஒருவர் வீட்டுப் பூட்டை அவர்தம் சாவியே திறக்கும் அன்றோ?

இதனைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டே செய்து பார்க்கலாம். க், ங், ச், ஞ் என்று தொடங்கும் பதினெட்டு மெய்களையும் வரிசையில் நிறுத்துக. ஒவ்வொரு மெய்யையும் மூன்றிடம் முன்னே நகர்த்துக. உயிரொலியை மாற்ற வேண்டா. இறுதி மெய்யாகிய ‘ன்’ வந்தபின் மீண்டும் ‘க்’ முதல் எண்ணுக. ‘தமிழ்’ என்னும் சொல் இப்போது ‘மலின்’ என்றாகும். நகர்த்துதல் இங்கு முறை. மூன்று என்னும் எண் திறவுகோல். பண்டை உரோமின் சூலியசு சீசரும் எழுத்துகளை இவ்வாறு மூன்றிடம் நகர்த்தி மடல் எழுதியதாகக் கூறுவர்.

எண்ணி முடியாத திறவுகோல்கள்

மேற்கண்ட முறையை உடைப்பது எளிது. பதினேழு திறவுகோல்களே உள்ளமையால் ஒவ்வொன்றாகச் சோதித்துச் சில நிமிடங்களில் விடை காணலாம். ஆகவே, மறைகுறியின் வலிமை திறவுகோல்களின் எண்ணிக்கையையும் சார்ந்தது.

1977இல் அமெரிக்க அரசு ஏற்ற ‘டி.இ.எஸ்.’ என்னும் முறையில் திறவுகோலின் நீளம் 56 பிட். 1998இல் அதற்கெனவே உருவாக்கப்பட்ட ஒரு கணினி மூன்று நாள்களுக்குள் அத்தகைய திறவுகோல் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டது. அதன் இடத்தில் 2001இல் வந்தது ‘ஏ.இ.எஸ்.’ என்னும் முறை. பெல்ஜியத்தைச் சேர்ந்த யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் ஆகிய இருவர் அதனை வகுத்தனர். அதன் மிகச் சிறிய திறவுகோலே 128 பிட் நீளமுடையது. அந்நீளத்தில் அமையக்கூடிய திறவுகோல்களின் எண்ணிக்கை 39 இலக்கங்களைக் கொண்ட பேரெண். நொடிக்கு ஓர் இலட்சம் கோடித் திறவுகோல்களைச் சோதித்தாலும், அனைத்தையும் சோதித்து முடிக்க அண்டத்தின் வயதாகிய ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் போதா.

ஆயின் கள்வர் எப்போதும் பூட்டை உடைப்பதில்லை. மிதியடிக்கடியில் சாவி இருக்கிறதா என்றே முதலில் பார்ப்பர். பிறந்த நாளையோ செல்லப் பெயரையோ கடவுச்சொல்லாக வைப்பது அத்தகைய செயலே. அச்சொல் ஊகிக்கப்பட்டால் 39 இலக்க எண்ணும் காவல் செய்யாது.

வழியிலும் இருப்பிலும்

தரவுக்கு இரண்டு இடங்களில் காவல் வேண்டும். முதலாவது, வழி. கைப்பேசியிலிருந்து தரவு மையத்திற்குச் செல்லும் வழியில் பிறர் ஒட்டுக்கேட்கக்கூடும். முன்பின் அறியாத இரு கணினிகள், பலர் கேட்கப் பேசியே தமக்குள் ஒரு மறைத் திறவுகோலை உருவாக்கிக்கொள்ள இயலும் என 1976இல் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகியோர் காட்டினர். இன்று வலைத்தள முகவரிகளின் தொடக்கத்தில் காணும் ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்பது வழிக்காவல் உண்டு என்பதன் அடையாளம்.

இரண்டாவது, இருப்பு. சேமிப்பு நிறுவனங்கள் பலவும் தரவை மறைகுறியாக்கியே வைக்கின்றன. ஆனால் திறவுகோலையும் பெரும்பாலும் அவையே வைத்துக்கொள்கின்றன. இதனால் ஒரு வசதி உண்டு. கடவுச்சொல் மறந்தால் புதியது பெறலாம். ஓர் இடரும் உண்டு. பெட்டியும் சாவியும் ஒரே வீட்டில் இருக்கின்றன. மற்றொரு வழி, தரவைக் கைப்பேசியிலேயே மறைகுறியாக்கிய பின் அனுப்புவது. அப்போது நிறுவனத்திடம் பூட்டிய பெட்டி மட்டுமே இருக்கும். சாவி உரியவரிடம் இருக்கும்.

“ஆச்சி செய்தது இந்த இரண்டாம் வழியைத்தான்!” என்று வியந்தாள் பேத்தி.

“ஆம். ஆனால் ஆச்சியின் சாவி தொலைந்தால் கொல்லரை அழைத்துப் பெட்டியை உடைக்கலாம். இங்கே உடைத்துத் தரக் கொல்லர் எவரும் இல்லை. இதனையும் ஆச்சியிடம் சொல்” என்றார் ஆசிரியர்.

மூவரிடம் ஒரு சாவி

சாவியை ஒருவரிடம் வைத்தால் தொலையக்கூடும்; பலரிடம் கொடுத்தால் மறைவு கெடும். இச்சிக்கலுக்கு 1979இல் ஆதி சாமிர் என்னும் அறிஞர் அழகிய தீர்வு கண்டார். அது ஒன்பதாம் வகுப்புக் கணக்கிலேயே அடங்கும்.

மறை எண் 40 என்க. அதனுடன் 7ஐத் தொடர்ந்து கூட்டினால் 47, 54, 61 என்னும் எண்கள் கிடைக்கும். முதல் பங்காக 47, இரண்டாம் பங்காக 54, மூன்றாம் பங்காக 61 என மூவருக்குக் கொடுக்கலாம். 47ஐ மட்டும் அறிந்தவர்க்குக் கூட்டிய எண் தெரியாது. எனவே மறை எண்ணும் தெரியாது. ஆனால் எவரேனும் இருவர் சேர்ந்தால் இடைவெளி 7 எனத் தெரியும். பின்னோக்கிச் சென்று 40ஐ அடையலாம். வரைபடத்தில் இவை ஒரே நேர்கோட்டில் அமைந்த புள்ளிகள். ஒரு புள்ளி வழியே எண்ணற்ற கோடுகள் செல்லும். இரு புள்ளிகள் வழியே ஒரு கோடே செல்லும். நடைமுறையில் மிகப் பெரிய எண்களும் வகுத்தல் மீதிக் கணக்கும் இதனுடன் சேரும்.

ஆசிரியர் முறையைக் கற்பித்தார், எண்ணைக் கேட்கவில்லை. பேத்தி தன் மீட்புத் திறவுகோலை மூன்று பங்காக்கினாள். ஒன்று அம்மாவின் கைப்பையிலும், ஒன்று பெரியப்பாவிடமும், மற்றொன்று ஆச்சியின் முந்தானை முடிச்சிலும் சென்று சேர்ந்தன.

ஆச்சி பாடிப் பதிவு செய்த தாலாட்டுகளையும் அவ்வாறே பூட்ட முனைந்தாள். ஆச்சி தடுத்தார். “பட்டாவுக்குப் பூட்டு வேண்டும். பாட்டுக்கு எதற்குப் பூட்டு? நாலு பேர் கேட்டால்தானே அது பிழைக்கும்!” பேத்தி அப்பாடல்களை உறவினர் அனைவருக்கும் அனுப்பினாள். மறைக்க வேண்டியது எது, பரப்ப வேண்டியது எது என்று பிரித்தறிவதும் தரவுக் காவலின் ஒரு பகுதி என்பதை அன்று உணர்ந்தாள்.

குவாகாத்தியில் ஒரு காலை

இரண்டு நாள் பயணத்தில் அவளுடைய கைப்பேசி விழுந்து உடைந்தது. அதனுள் இருந்த திறவுகோலும் அதனோடு போயிற்று. புதிய பள்ளியில் சேர்க்கைக்குச் சான்றிதழ்கள் தேவைப்பட்டன. மூலப் படிகளோ சரக்கு வண்டியில் இன்னும் வந்து சேரவில்லை. அம்மா கைப்பையிலிருந்த தாளை எடுத்தார். அப்பாவின் கைப்பேசியிலிருந்து ஊருக்கு அழைத்தனர்.

ஆச்சி முடிச்சை அவிழ்த்து, தம் பங்கை ஒவ்வோர் இலக்கமாக நிறுத்தி வாசித்தார். வழியில் ஒட்டுக்கேட்டவர் எவரேனும் இருந்திருந்தாலும், அவர்க்கு அது பொருளற்ற எண்ணே. இரு பங்குகளும் இணைந்தன. புதிய கைப்பேசியில் பெட்டி திறந்தது. முதலில் தெரிந்தது நிலத்தின் பட்டா. அடுத்தது அவளுடைய மதிப்பெண் பட்டியல்.

“திறந்துவிட்டதா, கண்ணு?”

“திறந்துவிட்டது, ஆச்சி.”

“அப்படியானால் இந்தத் தாளை மீண்டும் முடிந்து வைக்கிறேன்” என்றார் ஆச்சி.

தெரிந்து தெளிவோம்

தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. தனிநபர் தரவைக் காக்கும் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது.

சொற்பொருள்

ஆச்சி – பாட்டி (திருநெல்வேலி வழக்கு)
குழூஉக்குறி – ஒரு குழுவினர்க்கு மட்டும் விளங்கும் சொல்
திறவுகோல் – சாவி
படி – நகல்
இலக்கம் – எண்ணின் ஓர் உறுப்பு
பட்டா – நில உரிமை ஆவணம்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. பொற்கொல்லர் பொன்னை ______ என்பர்.
2. ஏ.இ.எஸ். முறை ______ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டது.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. குழூஉக்குறியின் குறை யாது?
2. ஆச்சி தாலாட்டுகளைப் பூட்ட வேண்டா என்றது ஏன்?
3. ஆச்சி தம் பங்கைத் தொலைபேசியில் வாசித்தது பாதுகாப்பானதே. காரணம் கூறுக.

இ. செய்து பார்க்க.
1. மூன்றிடம் நகர்த்தும் முறையில் ‘வானம்’ என்னும் சொல்லை மறைகுறியாக்குக.
2. அதே முறையில் எழுதிய ‘ராந்நி’ என்னும் சொல்லின் மறைவை விலக்குக.
3. இரண்டாம் பங்கு 31, மூன்றாம் பங்கு 36 எனில் மறை எண் யாது?

ஈ. பிரித்து எழுதுக.
தகரப்பெட்டி, மதிப்பெண், எண்ணற்ற

உ. பத்து வரிகளில் எழுதுக.
உம் வீட்டில் பூட்டிக் காக்க வேண்டிய தரவுகள் எவை? அனைவரோடும் பகிர வேண்டியவை எவை? வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுக.