கோடைக்கேற்ற குளிர்ந்த பச்சைத் தேயிலைப் பானம்

கோடைகாலத்தில், விசேஷமாக அக்கினி நட்சத்திர நாட்களில், சூடான தேநீர் பருகப் பலருக்கு மனம் வருவதில்லை. அப்போது நிறமூட்டிய இனிப்புப் பானங்களைக் கடையில் வாங்கிப் பருகுவோர் அநேகர். அவற்றுக்குப் பதிலாகப் பச்சைத் தேயிலையைக் கொண்டு குளிர்ந்த பானத்தைச் சொற்பச் செலவில் வீட்டிலேயே தயாரித்துக்கொள்ளலாம். இதில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. ஒன்று, தேயிலையில் ஊற்றும் நீரின் உஷ்ணம்; மற்றொன்று, சேர்க்கும் பனிக்கட்டியின் சுத்தம். முன்னதில் தவறினால் பானம் கசக்கும். பின்னதில் தவறினால் நோய் வரும்.

பச்சைத் தேயிலை யாது?

நாம் வழக்கமாக உபயோகிக்கும் கறுப்புத் தேயிலையும் பச்சைத் தேயிலையும் ஒரே இனச் செடியினின்று கிடைப்பவையே. நீலகிரியில் 1830-களில் பரிசோதனையாக நடப்பட்டு, இன்று அம்மலைச் சரிவுகளில் பரவலாகப் பயிராகும் செடி அதுவே. பறித்த கொழுந்தை வாட்டி நசுக்கிக் காற்றுப்பட விட்டால், அதிலுள்ள நொதிப்பொருளின் செயலால் இலை கறுத்துவிடும். அவ்விதம் விடாமல், கொழுந்தை நீராவியிலோ சூடான கொப்பரையிலோ இட்டால் நொதி செயலிழந்துவிடும். இலையின் பசுமையும் நிலைக்கும். பின்னர் அதைச் சுருட்டி உலர்த்துவார்கள்.

நீரின் உஷ்ணம்

பாலுடன் தேயிலைத் தூளைக் கொதிக்கவிடும் நம் வழக்கம் பச்சைத் தேயிலைக்கு ஒவ்வாது. துவர்ப்பும் கசப்பும் தரும் காட்டெச்சின், காபீன் என்னும் பொருள்கள் கொதிநீரில் மிகுதியாக இறங்குகின்றன. இன்சுவை தரும் தியானின் என்னும் பொருளோ குளிர்ந்த நீரிலும் எளிதில் இறங்கிவிடும். இப்பொருள் 1949-ல் ஜப்பானில் பச்சைத் தேயிலையினின்று கண்டறியப்பட்டது.

ஆகவே நீர் சுமார் 75 முதல் 80 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் இருத்தல் நலம். கொதித்த நீரைச் சூடில்லாத வேறொரு பாத்திரத்திற்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் உஷ்ணம் ஏறத்தாழ 10 டிகிரி தணியும்; இரண்டு முறை மாற்றினால் போதும். உதகமண்டலத்தில் நீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால், அங்குள்ளோர் ஒருமுறை மாற்றிச் சற்றே ஆறவிடலாம்.

முதல் முறை: வெந்நீரில் ஊறவைத்தல்

அரை லிட்டர் நீருக்குப் பத்து கிராம், அதாவது சுமார் ஐந்து தேக்கரண்டி இலை தேவை. பனிக்கட்டி உருகிப் பானத்தை நீர்க்கச் செய்யுமாதலால், வழக்கத்தைவிட இருமடங்கு இலை இடுகிறோம். மேற்கூறிய உஷ்ணமுள்ள நீரை ஊற்றி, மூடி, இரண்டு நிமிஷம் கழித்து வடித்துவிடுக. இலையைப் பிழிதல் கூடாது.

ஒரு கிராம் பனிக்கட்டி உருகுவதற்கு 80 கலோரி உஷ்ணம் வேண்டும். 75 டிகிரியிலுள்ள அரை லிட்டர் தேநீரை உடனே குளிரச் செய்ய ஏறக்குறைய அரைக் கிலோ பனிக்கட்டி செலவாகும். பாத்திரத்தைக் குளிர்ந்த நீருள்ள அகன்ற தொட்டியில் அரைமணி நேரம் வைத்து, 30 டிகிரிக்கு ஆற்றிய பின் சேர்த்தால் 200 கிராமுக்குள் போதும். பனிக்கட்டி குறைந்த அளவுக்குக் கொதித்து ஆறிய நீரைச் சேர்த்து ஒரு லிட்டராக்குக.

இரண்டாம் முறை: குளிர்ந்த நீரில் ஊறவைத்தல்

கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் பத்து கிராம் இலையை இட்டு, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் இரவு முழுதும் வைத்துக் காலையில் வடித்துக்கொள்க. இதில் கசப்பும் காபீனும் குறைவு. ஆனால் இம்முறையில் கிருமிகளைக் கொல்லும் சூடு எக்கட்டத்திலும் இல்லை. ஆதலின் கொதிக்காத நீரைக் கொண்டும், வெளியிலோ வெயிலிலோ வைத்தும் இதனைச் செய்யலாகாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாதோர் முதல் முறையையே கைக்கொள்க.

பனிக்கட்டியின் சுத்தம்

நீர் உறைந்தால் கிருமிகள் மாண்டுவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு, அவற்றுள் பல உறைநிலையிலும் உயிருடன் இருந்து, பனிக்கட்டி உருகியதும் மீண்டும் பெருகும். தேநீர் ஒருமுறை சூடாயிற்றே என்ற எண்ணமும் பயன்படாது. பனிக்கட்டி அதற்குப் பின்னரன்றோ சேர்கிறது! வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் இவ்வழியே பரவக்கூடும். மீன் கெடாதிருப்பதற்கென்று உற்பத்தியாகும் பெருங்கட்டிகளைப் பானத்தில் இடுதல் அறவே கூடாது. கொதித்து ஆறிய நீரை மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் உறையவைத்துக்கொள்க. நம்பத்தக்க பனிக்கட்டி கிடையாதாயின், தேநீர்ப் பாத்திரத்தை மூடி, ஈரத்துணி சுற்றிக் காற்றோட்டமான நிழலில் சிறிது நேரம் வைத்துப் பருகுவதே உசிதம்.

சுவை சேர்த்தல்

குளிர்ந்த நீரில் சர்க்கரை எளிதில் கரையாது. ஆகையால் பனங்கற்கண்டையோ சர்க்கரையையோ முன்னதாகப் பாகாக்கி வைத்துக்கொள்க. எலுமிச்சைச் சாற்றைப் பானம் ஆறிய பின்னரே சேர்க்கவேண்டும். அதனால் நிறம் சற்று வெளுக்கும், குற்றமில்லை. கசக்கிய புதினா இலை இரண்டொன்று மணம் தரும். பால் இதற்கு ஏற்றதன்று.

எச்சரிக்கை

கீரை, பயறு, கேழ்வரகு முதலியவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தேயிலையின் துவர்ப்புப் பொருள் தடுக்கிறது. ஆகவே உணவுக்கு ஒருமணி நேரம் முன்போ பின்போ பருகுக. இரத்தசோகையுள்ளோரும் கர்ப்பிணிகளும் மிதமாகக் கொள்ளவேண்டும், குழந்தைகளுக்குக் கொடுக்கலாகாது. வெயிலில் உழைப்போருக்கு நீரும், உப்பிட்ட நீர்மோருமே முதன்மையானவை; இப்பானம் அவற்றுக்கு ஈடாகாது. தயாரித்ததைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து அன்றைக்கே செலவழித்துவிடுக. வெளியில் வைத்ததை இரண்டுமணி நேரத்திற்குள் பருகிவிடுதல் நன்று.

முதன்முறை தயாரிப்போர் அரையளவில் செய்து பார்த்து, கசப்பு மிகுந்தால் இலையைக் குறைக்காமல் நீரின் உஷ்ணத்தைக் குறைத்துப் பார்ப்பார்களாக.